காணாமற்போன பதினொரு பதிவுகள்

மார்ச் 4 – 1
மார்ச் 19 – 2
ஏப்ரல் 2 – 1
ஏப்ரல் 23 – 6
மே 11 – 1
மொத்தம் – 11

கணினி "பதிவானது" என்று பதில் சொல்லிவிட்டு, பிறகு கேட்டபோது தன்னிடம் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று கைவிரித்த பதிவுகளின் எண்ணிக்கை இது. இந்தப் பட்டியலை என் மருமகள் செப்டம்பர் மாதத்தில் ஒரு பழைய உறையின் பின்பக்கத்தில் எழுதினாள். ஜூலையில் கேட்டிருந்தால் ஒரு சுழியத்தைப் போட்டுக் கையெழுத்தும் போட்டிருப்பாள். போடவும் செய்தாள். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. பல மருத்துவமனைகளின் ரத்த வங்கிகளுக்குப் பொதுவான தரவுத்தளம் ஒன்றை நடத்தும் நிறுவனத்தில் பதினாறு ஆண்டுகளாக வேலை செய்கிறாள். எந்த ரத்தப் பை எங்கே இருக்கிறது, பரிசோதனையில் தேறியதா, யாருக்குக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். அவள் இருக்கை நான்காம் மாடியில் கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில். அலுவலகத்தில் யாருக்குச் சர்க்கரை நோய் என்பது அவர்களுக்குத் தெரிவதற்கு முன் தனக்குத் தெரியும் என்பாள்.

புதிதாக எதையும் கட்டுவது அவள் வேலையில்லை. ஓடிக்கொண்டிருந்தது ஏன் நின்றது, நின்ற இடத்தில் என்ன தொலைந்தது என்று பார்ப்பதுதான் வேலை. அங்கே அவளுக்குப் பட்டப்பெயர் போஸ்ட்மார்ட்டம். "மத்தவங்க பெத்துப் போடறாங்க, நான் அறுத்துப் பாக்கறேன், அவ்வளவுதான் மாமா" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். என் மகன் லிப்ட் பழுது பார்ப்பவன். ரெண்டு பேருமே நடுவில் நின்று போனதைப் பார்க்கத்தான் காலையில் கிளம்புகிறோம் என்று அவன் சொல்வான். நான் அவர்களோடு ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். அதற்கு முன் முப்பத்து நான்கு ஆண்டுகள் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் இருந்தேன். ஆகவே ஒரு பதிவு காணாமற்போவது என்றால் என்னவென்று எனக்கு விளக்க வேண்டியதில்லை. கணினி விஷயத்தைத்தான் விளக்க வேண்டியிருந்தது. அவள் சொன்னதை எழுதி, அவளிடமே படித்துக்காட்டி, இரண்டு இடங்களில் திருத்திய பிறகு இங்கே சேர்க்கிறேன்.

அந்தத் தரவுத்தளம் மூன்று கட்டடங்களில் இருக்கும் மூன்று இயந்திரங்களில் ஓடுகிறது. ஒன்று தலைமை, மற்ற இரண்டும் நகல். எந்த மாற்றம் வந்தாலும் தலைமை இயந்திரம் அதைச் செய்வதற்கு முன் ஓர் ஏட்டில் வரிசை எண் போட்டு எழுதிக்கொள்ளும். அந்த ஏட்டை லாக் என்கிறார்கள். பிறகு அந்த வரியை மற்ற இரண்டுக்கும் அனுப்பும். அந்த இரண்டில் ஒன்றாவது "எழுதிக்கொண்டேன்" என்று சொன்ன பிறகுதான், பதிவு செய்தவருக்குத் திரையில் "பதிவானது" என்ற சொல்லும் அந்த எண்ணும் போகும். தலைமை இயந்திரம் படுத்துவிட்டால் மற்ற இரண்டில் எதன் ஏட்டில் அதிக வரிகள் இருக்கிறதோ அது தலைமைக்கு வரும். இரண்டு இடத்தில் எழுதியாகிவிட்டதால் எதுவும் தொலையாது. தொலையக் கூடாது என்பதற்காகவே அப்படி அமைத்தார்கள்.

மே 11, சனிக்கிழமை, காலை 10.42. ஒரு மருத்துவமனையின் ஆய்வகத்தில் ஓர் அம்மாள், முதல் பரிசோதனையில் தேறியிருந்த ஒரு ரத்தப் பையின் மாதிரியை இரண்டாம் முறை சோதித்தார். தேறவில்லை. கணினியில் "விலக்குக" என்று பதிந்தார். "பதிவானது" என்று வந்தது. எண் 7714203. அவர் எல்லா எண்களையும் ஒரு சிறு நோட்டில் எழுதிவைக்கும் பழக்கம் உள்ளவர். அதையும் எழுதினார். பை கீழ்த்தளக் குளிர்பெட்டியில் இருந்தது. அங்கே இருப்பவர்கள் கணினிப் பட்டியலைப் பார்த்துத்தான் பையை எடுப்பார்கள்.

மதியம் அந்தப் பை ஒரு நோயாளியின் கட்டில் வரைக்கும் போய்விட்டது. ஊசி குத்துவதற்கு முன் மருத்துவர் வேறு ஏதோ கேட்க ஆய்வகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். எடுத்தவர் அதே அம்மாள். பை எண்ணைக் கேட்டதும், "அந்தப் பையா? அதைக் காலையிலேயே தள்ளிட்டேனே" என்றார்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் விசாரணை வந்தது. கணினியில் "விலக்குக" என்ற பதிவு இல்லை. அந்த அம்மாள் பதிய மறந்துவிட்டு இப்போது கதை சொல்கிறார் என்பது ஒரு கட்சி. கணினியில் கோளாறா என்று சொல்லுங்கள் என நிறுவனத்துக்கு மே 27 அன்று கடிதம் வந்தது. அது என் மருமகளின் மேசைக்கு வந்தது.

அவள் தன்னிடம் இருந்த எல்லா வழியிலும் பார்த்தாள். ஏட்டில் எழுதும் இடம், அனுப்பும் இடம், பதில் வாங்கும் இடம் என்று ஒவ்வொன்றிலும் கண்காணிப்பு வரிகளைச் சேர்த்தாள். யார் எத்தனை மணிக்கு வந்தார், யார் போனார் என்று அந்த வரிகள் எழுதிக்கொண்டே இருக்கும். அப்படிச் சேர்த்த நிரலை மூன்று சோதனை இயந்திரங்களில் ஜூன் 10 முதல் 20 வரை பதினொரு நாள் ஓட்டினாள். நடுநடுவே தலைமை இயந்திரத்தின் மின்சாரத்தைப் பிடுங்கினாள். நான்கு கோடிப் பதிவுகள். ஒன்றுகூடத் தொலையவில்லை. அந்தப் பதினொரு நாளும் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள். கழற்றச் சொல்லி நினைவூட்ட வேண்டியிருக்கும்.

7714203 என்ற எண்ணையும் தேடினாள். அது இருந்தது. ஆனால் வேறு ஊரில் உள்ள வேறு மருத்துவமனையின் பதிவாக, 10.43க்கு.

ஜூலை 1 அன்று பதினெட்டுப் பக்க அறிக்கை கொடுத்தாள். அமைப்பில் பழுது எதுவும் காணப்படவில்லை. பதினாறாம் பக்கத்தில்: "குறிப்பிட்ட எண் வேறொரு மருத்துவமனையின் பதிவுக்கு உரியது." ஜூலை 19 அன்று அந்த அம்மாளை வேலையிலிருந்து நீக்கினார்கள். மறதிக்காக மட்டும் என்றால் எச்சரிக்கையோடு விட்டிருப்பார்கள். ஆணையில் "பொய்யான தகவல் அளித்தார்" என்று இருந்தது. அந்த வரி பதினாறாம் பக்கத்திலிருந்து பிறந்தது.

அதன் பிறகு அந்த அம்மாள் நிறுவனத்துக்கு நான்கு முறை தொலைபேசியில் பேசினார். நான்காவது முறை என் மருமகளே எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டாள். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "ஆபீஸ்ல வெச்சுப் பேசினா மேனேஜர் பக்கத்துல வந்து உக்காருவாரு" என்று பிறகு ஒரு காரணம் சொன்னாள்.

ஆகஸ்ட் 25, பிற்பகல் 3.20க்கு வந்தார். கையில் துணிப்பை, அதில் அறிக்கையின் நகலும் நோட்டும். என் மருமகள் மடித்துக்கொண்டிருந்த துணிகளைச் சோபாவின் ஒரு மூலைக்குத் தள்ளி இடம் செய்தாள்.

"நீங்கதான் அந்த ரிப்போர்ட் எழுதினதா மேடம்?"

"ஆமாங்க."

"சின்னப் பொண்ணா இருக்கீங்களே. எழுதியிருந்ததைப் பாத்து, ரிட்டையர் ஆகப் போறவங்கன்னு நெனச்சேன்."

"எனக்கு நாப்பத்து மூணு."

"எனக்கு அம்பத்து நாலு. அப்ப சின்னப் பொண்ணுதான். ஆஸ்பத்திரியில என்னை லேப் அக்கான்னு கூப்பிடுவாங்க. கூப்பிட்டாங்க." தண்ணீர் வாங்கிக் குடித்தார். "சண்டை போட வரலை. ஒரு சந்தேகம் கேக்கணும். பதினாறாம் பக்கம். அந்த நம்பர் வேற ஆஸ்பத்திரியோடதுன்னு எழுதியிருக்கீங்க."

"அது நிஜம்க்கா. ரெண்டு தடவை பாத்தேன்."

"நிஜம்னே வெச்சுக்குவோம். அதை நான் எங்கேருந்து எடுத்தேன்?"

"ஏதாவது ஒரு இலக்கம் மாத்தி எழுதியிருக்கலாம். எல்லாருக்கும் நடக்கறதுதான்."

"மாத்தி எழுதினா எங்கியோ ஒரு நம்பர்ல போய் நிக்கும். அதே நாள், அடுத்த நிமிஷத்து நம்பர்ல போயா நிக்கும்? காக்கா உக்காரப் பனம்பழம் விழலாம் மேடம். ஏழு இலக்கத்தையும் எண்ணிப் பாத்துட்டா விழும்?"

என் மருமகள் அறிக்கையின் நகலை எடுத்துப் பதினாறாம் பக்கத்தைப் புரட்டினாள்.

"இன்னொண்ணு. எங்க கம்ப்யூட்டர்ல எங்க ஆஸ்பத்திரிப் பதிவு மட்டும்தான் தெரியும். அடுத்த ஊருது தெரியாது. அப்படிக் கட்டி வெச்சவங்களே நீங்கதான். பூட்டையும் நீங்களே போட்டுட்டு, உள்ள இருந்ததை நான் திருடிட்டேன்னும் எழுதினா எப்படி?"

அப்போது மணி 3.52. என் மருமகள் முகம் வெளுத்துப் போனதை நான் பார்த்தேன். கோபமோ அழுகையோ இல்லை. கூட்டிப் பார்த்துச் சரி என்று போட்ட கணக்கில் முதல் வரியையே கூட்டவில்லை என்று தெரிந்தால் ஒருவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அவள் அந்த எண் யாருடையது என்று பார்த்தாள். அது லேப் அக்காவுக்கு எப்படித் தெரிந்தது என்று பார்க்கவில்லை. அவர்கள் தொழிலில் எண் என்றால் ஒன்றுதான், ஓர் எண் இரண்டு பேருக்குப் போகவே போகாது. அந்த நம்பிக்கையை அவள் சோதிக்கவில்லை, அதன் மேல் ஏறி நின்றுகொண்டு மற்றதையெல்லாம் சோதித்தாள்.

"அக்கா, அந்த நோட்டு ரெண்டு நாள் எங்கிட்ட இருக்கட்டுமா?"

"இருக்காது. ரிப்போர்ட் எழுதறவங்க கையில இனிமே எதையும் குடுக்கறதா இல்லை. உக்காந்து எழுதிக்குங்க, சொல்றேன்."

மே 11ஆம் தேதியின் அறுபத்து நான்கு எண்களையும் அவர் சொல்லச் சொல்ல இவள் எழுதினாள். நான் அவர் கையில் இருந்த நோட்டை எட்டிப் பார்த்துச் சரிபார்த்தேன். முப்பத்தைந்து நிமிடம். மறுநாள் அலுவலகத்தில் பார்த்தபோது அறுபத்து மூன்று எண்கள் அந்த மருத்துவமனையின் பேரிலேயே இருந்தன. ஒன்றுதான் இல்லை.

ஒரே எண்ணை இரண்டு பேருக்குக் கொடுக்க வேண்டுமானால், முதலில் வாங்கியவரின் வரி புதிய தலைமை இயந்திரத்துக்குப் போய்ச் சேராமல் இருந்திருக்க வேண்டும். அது வரைக்கும் யோசிக்க அவளுக்கு ஒரு பேருந்துப் பயணம் போதுமாக இருந்தது. நடத்திக் காட்டத்தான் முடியவில்லை. மறுபடி சோதனை இயந்திரங்கள், மறுபடி மின்சாரத்தைப் பிடுங்குதல். இரண்டு வாரம் ஒன்றும் தொலையவில்லை. அந்த நாட்களில் அவள் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து எதற்குக் கை கழுவினோம் என்று மறந்தவள் போல இருப்பாள். "துருவின தேங்காய் மூடி மாதிரி ஆயிட்டேன், வெறும் ஓடுதான் இருக்கு" என்றாள் ஒரு நாள்.

செப்டம்பர் 11 அன்று, வேறு வழியில்லாமல், தான் சேர்த்த கண்காணிப்பு வரிகளையெல்லாம் எடுத்துவிட்டு ஓட்டினாள். மறுநாள் வியாழக்கிழமை காலை 11.20க்குள் மூன்று பதிவுகள் தொலைந்திருந்தன.

அன்று மாலை அவள் எனக்குச் சொன்னது, என் மொழியில்: ஓர் அலுவலகத்தில் தபால் தட்டு இருக்கிறது. பியூன் தட்டிலிருந்து பத்துக் கடிதங்களைக் கட்டாகக் கட்டி அடுத்த கட்டடத்துக்கு எடுத்துப் போகிறார். அவர் போன நேரத்தில் யாரோ பதினொன்றாவது கடிதத்தைத் தட்டில் வைத்துப் பதிவேட்டிலும் எண் போட்டுவிடுகிறார். பியூன் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறார். குமாஸ்தா கட்டில் எத்தனை இருந்தது என்று பார்க்காமல், பதிவேட்டில் கடைசி எண் எதுவோ அது வரைக்கும் "சேர்ந்தது" என்று முத்திரை குத்துகிறார். பதினொன்றுக்கும் முத்திரை விழுந்துவிட்டது. கடிதமோ தட்டிலேயே இருக்கிறது. அடுத்த நடையில் அதுவும் போய்விடும், யாருக்கும் தெரியாது. ஆனால் சரியாக அந்த இடைவெளியில் அலுவலகம் தீப்பிடித்தால், அடுத்த கட்டடத்துக்காரர் பத்து வரைக்கும்தான் வந்தது என்று, புதிதாக வரும் கடிதத்துக்குப் பதினொன்று என்று எண் போடுவார். முதல் இயந்திரம் பிழைத்து எழுந்ததும், மற்றவர்களிடம் இல்லாத கடைசி வரிகளைத் தன் ஏட்டிலிருந்து வெட்டிவிட வேண்டும் என்பது விதி. அதனால் தடயமும் இல்லை.

"அப்ப ஜூன்ல ஏம்மா தெரியலை?"

"நான் போட்ட வரிதான் மாமா. அது எழுதற பேனா ஒண்ணே ஒண்ணு. எல்லாரும் அதுக்காக வரிசையில நிக்கணும். பியூன் திரும்பி வர்ற வரைக்கும் பதினொண்ணாவது ஆள் உள்ளயே வர முடியலை. மணியடிச்சுக்கிட்டே திருடனைப் பிடிக்கப் போயிருக்கேன். திருடனே இல்லைன்னு பதினெட்டுப் பக்கம் எழுதிக் குடுத்திருக்கேன்."

"எங்க லிப்டும் அப்படித்தான்" என்றான் என் மகன். "நான் போய் நின்னா பத்தரைமாத்துத் தங்கமா ஓடும். தெருமுனைக்குப் போறதுக்குள்ள போன் வரும்."

"கண்டுபிடிச்சாச்சே, சந்தோஷம்தானேம்மா?" என்று கேட்டேன்.

"ஜுரம் விட்ட மாதிரி இருக்கு. சந்தோஷம் வேற."

திருத்த வேண்டியது ஒரே ஒரு வரி. "இப்போதைய கடைசி எண்" என்ற இடத்தில் "கட்டின் கடைசி எண்". அதன் பிறகுதான் பழைய புகார்களைத் தேடினாள். மே 11க்கு முன்பே "பதிஞ்சோம், காணோம்" என்று நான்கு தேதிகளில் புகார்கள் வந்திருந்தன. புகார் பிரிவில் இருந்தவர்கள் ஒவ்வொன்றையும் "பயனர் பதிய மறந்திருக்கலாம்" என்று முடித்திருந்தார்கள். மே 11ஐயும் சேர்த்து ஐந்து தேதியிலும் அதே நிமிடத்தில் தலைமை கைமாறியிருந்தது. உறையின் பின்பக்கத்தில் எழுதிய பட்டியல் அதுதான். மற்ற பத்தையும் மறுபடி பதிந்து சமாளித்துவிட்டார்கள். வேலை போனது ஒருவருக்குத்தான்.

மேலாளர் அவளைத் திட்டவில்லை. கதவைச் சாத்திவிட்டு மெதுவாகத்தான் பேசினாராம்.

"அடுத்த பதிப்புல சத்தமில்லாம சரி பண்ணிடுவோம். போன மழைக்கு இப்ப எதுக்குக் குடை?"

"அந்த அம்மா இன்னும் நனைஞ்சுக்கிட்டுத்தான் சார் இருக்காங்க."

"உன் கையெழுத்தை நீயே அடிக்கறே. நாளைக்கு உன் ரிப்போர்ட்டை எவன் மதிப்பான்?"

"நான் மதிக்கணுமே சார் முதல்ல."

இதைச் சொல்லும்போது அவள் ஒன்றும் வீரமாகச் சொல்லவில்லை. கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

செப்டம்பர் 16 அன்று விசாரணைக் குழுவுக்கு எழுதினாள். நிறுவனத்தின் வழக்கறிஞர் "மிக அரிய சூழல்களில்" என்ற சொற்களைச் சேர்க்கச் சொன்னார். சேர்க்கவில்லை. இரண்டாம் பத்தி இப்படி இருந்தது: "ஜூலை 1 அறிக்கையின் பதினாறாம் பக்கத்தில் நான் கூறியதைக் கொண்டு அவர் பொய் சொன்னார் என்று முடிவு செய்ய முடியாது. அவர் குறித்த எண் அவருக்குக் கொடுக்கப்பட்ட எண். தவறு எங்களுடையது."

அக்டோபர் 4: கடிதம் கிடைத்தது என்று பதில். நவம்பர் 20: பரிசீலனையில் உள்ளது என்று பதில். இடையில் அவளை அந்த மேசையிலிருந்து எடுத்துப் பயனர் கையேடு எழுதும் பிரிவில் போட்டார்கள். ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. போஸ்ட்மார்ட்டம் இப்போது ஜாதகம் எழுதுகிறது என்று சிலர் சிரித்தார்களாம். வேலையை விட்டுவிடலாமே என்று என் மகன் சொன்னான்.

"விட்டுட்டா நான் முன்னாள் ஊழியர். கோவத்துல பேசறான்னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க. விசாரணை முடியட்டும்."

லேப் அக்கா ஒரு மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்று வேலை செய்துகொண்டிருந்தார். வாரம் ஒரு முறை தொலைபேசியில் பேசுவார். "என்னம்மா, உன் கம்ப்யூட்டர் உண்மை பேச ஆரம்பிச்சுதா?" என்றுதான் தொடங்குவார்.

டிசம்பர் 17 அன்று மறுவிசாரணை. மூன்று அதிகாரிகள். நடந்ததை லேப் அக்காவே எனக்குச் சொன்னார். நடுவில் இருந்தவர் கேட்டாராம்: "ஜூலையில நிச்சயமா சொன்னீங்க. இப்பவும் நிச்சயமா சொல்றீங்க. எந்த நிச்சயத்தை நாங்க எடுத்துக்கறது?"

"ஜூலையில நடக்கலைன்னு சொன்னேன் சார். இப்ப நடத்திக் காட்டறேன்."

மேசை மேல் மூன்று கணினிகளை வைத்துப் பழைய நிரலை ஓட்டி ஒயரைப் பிடுங்கினாள். ஒன்றும் தொலையவில்லை. மறுபடி. ஒன்றும் இல்லை. எட்டாவது முறையில் ஓர் அதிகாரி தொலைபேசி பேச வெளியே போனார். பன்னிரண்டாவது முறையில் இன்னொருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் நிறுத்தி, துடைத்து, மறுபடி ஏற்ற நான்கு நிமிடம். "உங்க மருமக முகத்துல எனக்கு ஒரு பயமும் தெரியலை. தூக்கம்தான் தெரிஞ்சுது" என்றார் லேப் அக்கா. மூலையில் உட்கார்ந்து எண்ணியவர் அவர்தான். பத்தொன்பதாவது முறையில் திரையில் ஒரே எண் இரண்டு பேருக்கு விழுந்தது. வெளியே போன அதிகாரியைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு எண்களையும் விரல் வைத்து இலக்கம் இலக்கமாகப் படித்தாராம்.

அதன் பிறகு முப்பத்தாறு நாள் ஒரு செய்தியும் இல்லை. முப்பத்தேழாவது நாள் ஒரு பதிவுத் தபால் வந்தது. மூலம் லேப் அக்காவுக்கு, நகல் என் மருமகளுக்கு. மருந்துக் கடையில் இருந்ததால் அவருடையதை வாங்க வீட்டில் ஆள் இல்லை. அன்று விடுப்பில் வீட்டில் இருந்த இவள்தான் தொலைபேசியில் கூப்பிட்டாள். நீக்க ஆணை ரத்து, ஏழு நாளில் பணியில் சேரலாம், இடைப்பட்ட மாதங்கள் விடுப்பாகக் கருதப்படும் என்று படித்துக்கொண்டே போனாள்.

"அதெல்லாம் இருக்கட்டும். பொய்யின்னு எழுதினதை எடுத்துட்டாங்களா? அதை மட்டும் படி."

"'பொய்யான தகவல் அளித்தார் என்ற வாசகம் அவரது பணிக் கோப்பிலிருந்து நீக்கப்படுகிறது.'"



"இன்னொரு தடவை படிம்மா."

படித்தாள்.

"சரி. கடையில சொல்லிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கறேன். நீயும் படு."

என் மருமகள் தொலைபேசியை வைத்துவிட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே கைமேல் தலைவைத்துத் தூங்கிப்போனாள். காலை 11.40. நான் அவள் கைக்கு அடியிலிருந்து கடிதத்தை மெல்ல உருவி எடுத்து, உறையோடு சேர்த்துத் தைத்து, வரவுத் தேதியைக் குறித்தேன்: ஜனவரி 23, வியாழக்கிழமை.